கப்பலுக்குப் போனவரின் நிழல்



போன வாரம் ஒரு நாள் சாயந்திரம் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. ஒரு மணி நேரம் ஆகியும் வரக் காணோம். டி.வி. இல்லை, செல்ஃபோனில் சார்ஜ் இல்லை. பேரன் பேத்திகள் வீட்டை இரண்டு பண்ணிக்கொண்டிருந்தார்கள். பரண்மேல் கிடந்த பழைய அரிக்கேன் விளக்கை எடுத்துத் துடைத்து, ஏற்றி, ஸ்டூல்மேல் வைத்தேன். அவ்வளவுதான்! சுவரில் மான் ஓடியது, நாய் குரைத்தது, கழுகு சிறகடித்தது. நம் காலத்து விளையாட்டுத்தானே? கை மறந்தாலும் விரல் மறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டு அம்மாள் தீப்பெட்டி கேட்டு வந்தார். என் பேரன் விளக்குக்கு முன்னால் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தான். சுவரில் அவன் முகம், நெற்றி, மூக்கு, உதடு, மோவாய் எல்லாம் கறுப்பாகத் தெரிந்தது. அந்த அம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னங்க இது, அப்படியே எங்க பெரியவன் மாதிரி இருக்கே! பத்து வயசுல அவனுக்கும் இதே முன்மண்டை, இதே மூக்குதாங்க."

அவருடைய பெரிய பிள்ளை சரக்குக் கப்பலில் ஆபீசர். போய் ஏழு மாதம் ஆகிறது. வீட்டுக் கூடத்தில் பையனின் யூனிஃபாரம் போட்ட கலர் ஃபோட்டோ பெரிதாக மாட்டியிருக்கிறது. வீடியோ காலில் பேசுகிறான். இருந்தும் யாரோ ஒரு பையனின் நிழலைப் பார்த்துத் தீப்பெட்டியை மறந்துவிட்டார் அந்தத் தாய். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நிழலில் கண் இல்லை, சிரிப்பு இல்லை, நிறம் இல்லை. இருந்தாலும் ஆளை அடையாளம் காட்டிவிடுகிறதே!

ஃபோட்டோவே இல்லாத காலத்தில், கப்பலுக்குப் பிள்ளையை அனுப்பிய தாய்மார்கள் எதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள் என்று யோசித்தேன். இந்த இதழுக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

நிழலுக்கு வந்த பெயர்

இங்கிலாந்தில் சுமார் 1770-லிருந்து 1840 வரைக்கும் கறுப்பு நிழல் படங்களுக்கு ஏகக் கிராக்கி. இன்று உலகம் முழுக்க அதை 'சில்ஹவுட்' என்கிறோம். நம் சினிமாக்காரர்கள்கூட "சில்ஹவுட் ஷாட்" என்று சொல்வார்கள். அந்தப் பெயர் ஒரு நிதி மந்திரியுடையது என்றால் நம்புவீர்களா?

எத்தியேன் த சிலுவெட் என்பவர் பிரான்ஸில் 1759-ல் நிதிப் பொறுப்புக்கு வந்தார். அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கஜானா காலி. மனிதர் சிக்கனம், வரி என்று ஆரம்பித்தார். அதுவும் பணக்காரர்கள் மேல் கை வைத்தார். விடுவார்களா? எட்டே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. மட்டமானது, மலிவானது, அரைகுறையானது எதுவானாலும் 'சிலுவெட் பாணி' என்று கேலி பேசினார்கள். வர்ணச் சித்திரம் எழுதிக்கொள்ள வசதியில்லாதவர்கள் எடுத்துக்கொண்ட நிழல் படத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

இங்கிலாந்தில் மட்டும் ரொம்ப நாள் 'ஷேட்' என்றோ 'ப்ரொஃபைல்' என்றோதான் சொன்னார்கள். ஷேட் என்றால் நிழல். நம் வார்த்தையேதான்!

விளக்கும் புகைக்கரியும்

செய்முறை ரொம்பச் சிக்கலில்லை. ஆளைப் பக்கவாட்டில் உட்கார வைத்து, ஒரு பக்கம் விளக்கு, மறு பக்கம் சட்டத்தில் கட்டிய மெல்லிய காகிதம். காகிதத்தில் விழும் நிழலின் ஓரத்தைப் பென்ஸிலால் வரைந்துகொள்வார்கள். இது நிஜத் தலையின் அளவுக்கு இருக்கும். பிறகு 'பேன்டோகிராஃப்' என்ற மரச்சட்டக் கருவியால் அதை உள்ளங்கை அளவுக்கும், மோதிரக் கல் அளவுக்கும்கூடச் சுருக்குவார்கள். பெரிய படத்தின் கோட்டின்மேல் ஒரு முனையை ஓட்டினால் மறுமுனை அதையே சின்னதாக எழுதும்.

உள்ளே நிரப்புவது கறுப்பு. விளக்குப் புகையிலிருந்து எடுத்த கரிதான் அந்த மை. விளக்கெண்ணெய்த் தீபத்தின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மை சேர்த்த பாட்டிகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை.

வகைகள் பல. காகிதத்தில் எழுதியவை, வெண்மையான பிளாஸ்டர் பலகையில் எழுதியவை, தந்தத் தகட்டில் எழுதியவை, கண்ணாடியின் பின்பக்கம் எழுதியவை. கத்தரிக்கோலால் கறுப்புக் காகிதத்தை வெட்டி ஒட்டுவது ஒன்று. வெள்ளைக் காகிதத்தின் நடுவில் முகத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்குப் பின்னால் கறுப்புத் துணியோ தாளோ வைப்பது இன்னொன்று. 1775-லேயே சாரா ஹாரிங்டன் என்ற பெண்மணி நிழல் படம் எடுக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்!

தோளில் இருக்கிறது கதை

கப்பற்படை அதிகாரிகளின் நிழல் படத்துக்குப் பழம்பொருள் சேகரிப்பவர்களிடம் தனி மதிப்பு. காரணம் அந்த யூனிஃபாரம். சாதாரண மனிதரின் நிழல் எப்போது எழுதியது என்று தலைமுடியையும் காலரையும் பார்த்து ஊகிக்க வேண்டும். கப்பற்படைக்காரரின் தோளோ பேசும்.

பிரிட்டிஷ் கப்பற்படை அதிகாரிகளுக்கு யூனிஃபாரம் வந்தது 1748-ல். 1795-ல்தான் தோளில் ஜரிகைக் குஞ்சம் தொங்கும் பட்டை சேர்ந்தது. 'எபாலெட்' என்பார்கள். கேப்டனாகி மூன்று வருஷம் ஆனவருக்கு இரண்டு தோளிலும் உண்டு. மூன்று வருஷம் ஆகாத கேப்டனுக்கு வலது தோளில் மட்டும். அதற்கு அடுத்த படியில் இருக்கும் கமாண்டருக்கு இடது தோளில் மட்டும். லெஃப்டினென்டுக்கு ஒன்றும் கிடையாது, பாவம்! 1812-ல் விதி மாறியது. லெஃப்டினென்டுக்கும் வலது தோளில் ஒன்று கிடைத்தது, கமாண்டருக்கு இரண்டாயிற்று, கேப்டன்மார்களுடையதில் நங்கூர அடையாளம் ஏறியது.

இப்போது ஒரு சின்னப் புதிர். நிழல் படத்தில் ஆள் நமக்கு வலது பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தால், அவருடைய எந்தத் தோள் நம் பக்கம்? வலது தோள்தான். எழுந்து நின்று பார்த்துக்கொள்ளுங்கள்! அப்படி வலது தோளில் குஞ்சம் தெரிந்தால், 1812-க்கு முந்திய படமானால் அவர் குறைந்தபட்சம் கேப்டன். பிந்தியதானால் நேற்று உத்தியோகம் கிடைத்த லெஃப்டினென்டாகவும் இருக்கலாம். ஆக, தோளை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. தலையையும் பார்க்க வேண்டும். பின்னலைக் கட்டி முதுகில் தொங்கவிட்டிருந்தால் முந்திய காலம். முடியைக் குட்டையாக வெட்டி முன்னால் வாரி விட்டிருந்தால் பிந்திய காலம். 1795-ல் தலைக்குப் பூசும் பவுடருக்கு வருஷம் ஒரு கினி வரி போட்டுவிட்டார்கள் இங்கிலாந்தில். அதற்குப் பிறகு பவுடர் வழக்கம் மெல்ல மறைந்தது.

கறுப்பை எழுதியவர்கள்

இந்தக் கலையில் முதல் பெயர் ஜான் மியர்ஸ். லீட்ஸ் நகரத்துக்காரர். 1788-ல் லண்டனுக்கு வந்து ஸ்ட்ராண்ட் என்ற பெரிய கடைத்தெருவில் கடை வைத்தார். பிளாஸ்டர் பலகையில் இவர் எழுதிய முகம் நல்ல கறுப்பு. ஆனால் தலைமுடி, கழுத்துத் துணியின் மடிப்பு, சட்டையின் லேஸ் இவற்றை மையில் தண்ணீர் கலந்து சாம்பல் நிறமாக, பனி மாதிரி எழுதுவார். முகம் கெட்டியாக நிற்கும். துணி காற்றில் ஆடும்.

மியர்ஸ் ஒரு கெட்டிக்கார வியாபாரியும்கூட. எடுத்த நிழலின் மூலக் கோட்டைப் பத்திரமாக வைத்திருப்பார். எப்போது கேட்டாலும், ஆள் திரும்ப வந்து உட்காராமலே, இன்னொரு பிரதி எழுதிக் கொடுப்பதாக விளம்பரம் செய்தார். கப்பலுக்குப் போகிறவனின் வீட்டாருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவுக்கு ஒன்று, பெண்சாதிக்கு ஒன்று, அக்காளுக்கு ஒன்று. ஆள் கடலில் இருக்க, நிழல் மூன்று வீட்டில் இருக்கும். மோதிரத்திலும் லாக்கெட்டிலும் வைக்கிற அளவுக்கும் எழுதிக் கொடுத்தார். மியர்ஸ் 1821-ல் காலமானார். அவர் கடையில் வேலை பார்த்த ஜான் ஃபீல்ட், கறுப்பின்மேல் மெல்லிய பொன்நிறக் கோடு போடுவதில் மன்னன். தோள் குஞ்சத்தின் ஒவ்வொரு இழையும் விளக்கொளியில் மின்னுகிற மாதிரி இருக்கும்.

இங்கிலாந்தின் தெற்கே, போர்ட்ஸ்மத் என்ற கப்பற்படைத் துறைமுகத்துக்கு எதிரே, ஐல் ஆஃப் வைட் தீவு இருக்கிறது. அங்கே நியூபோர்ட் ஊரில் ஜான் பன்கோம் என்று ஒருவர். இவர் பாணி வேறு. முகம் மட்டும் கரிக்கறுப்பு. கோட்டு, பட்டை, பொத்தான் எல்லாம் பளிச்சென்று வர்ணத்தில்! முதல் தடவை பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் எந்தப் படை, எந்தப் பதவி என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். போருக்குக் கிளம்புமுன் சேனைக்காரர்கள் பலர் இவரிடம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நமக்கு ரொம்பப் பிடித்துப்போகிறவர் இஸபெல்லா பீதம். இந்த அம்மாள் எட்வர்ட் என்ற நடிகரோடு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவர். நாடக வருமானம் எப்படி என்று சொல்ல வேண்டுமா? குடும்பம் தள்ளாட, இஸபெல்லா கத்தரிக்கோலை எடுத்தார். முதலில் காகித நிழல் வெட்டி விற்றார். அதோடு திருப்தியடையாமல் ஜான் ஸ்மார்ட் என்ற பேர்பெற்ற நுண்சித்திரக்காரரிடம் பாடம் கற்றுக்கொண்டு, கண்ணாடியின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். குவிந்த கண்ணாடியில் எழுதி, பின்னால் வெள்ளைப் பிளாஸ்டர் பலகை வைத்துவிட்டால், நிழல் படத்துக்கே ஒரு நிழல் விழும்! 1785-லிருந்து லண்டன் ஃப்ளீட் தெரு 27-ஆம் எண்ணில் கடை. பெண்மணி நிழல் எழுத, அதே விலாசத்தில் கணவர் என்ன விற்றார் தெரியுமா? துணி துவைக்கும் மர இயந்திரம்! வாஷிங் மெஷினுக்குக் கொள்ளுப்பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இவர்கள் பெண் ஜேனும் சித்திரக்காரியாகத் தேர்ந்தாள்.

அந்த ஜான் ஸ்மார்ட் இருக்கிறாரே, அவர் 1785-ல் கப்பலேறி நம் சென்னைக்கு வந்துவிட்டார். பத்து வருஷம் இங்கேயே இருந்து ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவையும், கம்பெனி அதிகாரிகளையும் தந்தத் தகட்டில் எழுதினார். ஃப்ளீட் தெரு அம்மாளுக்குக் கை பிடித்துச் சொல்லிக் கொடுத்தவர் நம் கோட்டைப் பக்கம் நடமாடியிருக்கிறார்!

கணப்பு மாடத்தின் மேலே

'எதற்கு அத்தனை தவிப்பு, ஒரு கறுப்புப் படத்துக்கு?' என்று கேட்கலாம். 1793-லிருந்து 1815 வரை, நடுவில் கொஞ்ச காலம் தவிர, பிரான்ஸோடு இங்கிலாந்துக்கு ஓயாத சண்டை. பன்னிரண்டு வயதுப் பையன்கள் கப்பலேறினார்கள். போனால் வருஷக்கணக்கு. கடிதம் வர மாதங்கள். எதிரியின் குண்டில் செத்தவர்களைவிட ஜுரத்திலும் விபத்திலும் செத்தவர்களே மிக அதிகம். பையனாகப் போனவன் திரும்பி வரும்போது மீசை முளைத்த ஆளாக வருவான். அல்லது வரவே மாட்டான். வாசலில் நின்று கையசைத்த முகம்தான் வீட்டாருக்குக் கடைசி ஞாபகம். அந்த ஞாபகத்துக்கு ஒரு கோடு வேண்டாமா?

நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினுக்கு இது சொந்த வீட்டுக் கதை. அவருடைய சகோதரர்களில் இரண்டு பேர், ஃப்ரான்சிஸும் சார்ல்ஸும், கப்பற்படைக்காரர்கள். 1814-ல் வெளிவந்த 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் ஒரு காட்சி வருகிறது. பெரிய வீட்டில் அண்டி வாழும் ஏழைப் பெண் ஃபானி. அவளுக்கென்று மிஞ்சியது கணப்புக்கூட மூட்டாத ஓர் அறை. வேறெங்கும் மாட்ட லாயக்கில்லை என்று அந்த வீட்டார் தள்ளிய குடும்ப நிழல் படங்கள் அங்கே கணப்பு மாடத்தின்மேல் வரிசையாக இருக்கின்றன. பக்கத்திலேயே சுவரில் குத்தி வைத்த ஒரு சின்னக் கப்பல் படம். கப்பலில் இருக்கும் அவள் அண்ணன் வில்லியம் மத்தியதரைக் கடலிலிருந்து நாலு வருஷத்துக்கு முன் வரைந்து அனுப்பியது. வீட்டார் வேண்டாமென்றதெல்லாம் அவளுக்கு நிதி. பெண்ணாகப் பிறந்தவர் எழுதியதால்தான் இது இப்படி எழுத வந்தது என்று எனக்குத் தோன்றும்.

நிஜ வாழ்க்கையில் தம்பி சார்ல்ஸ், எதிரிக் கப்பலைப் பிடித்ததில் கிடைத்த பங்குப் பணத்தில், 1801-ல் இரண்டு அக்காமாருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கினான். முதல் சம்பளத்தில் அக்காளுக்குப் புடவை எடுக்கும் நம் வீட்டுத் தம்பி மாதிரி இல்லை? அந்த சார்ல்ஸ் பிறகு ரியர் அட்மிரலாகி, கிழக்கிந்தியக் கடற்படைக்குத் தலைவராகி, 1852-ல் பர்மாவில் ஐராவதி நதியில் கப்பலிலேயே காலராவில் இறந்தார். அடக்கம் செய்தது திருகோணமலையில். நம் இலங்கைச் சகோதரிகள் பலருக்குத் தெரிந்த ஊர். அக்காளுக்குச் சிலுவை வாங்கித் தந்த தம்பி அங்கே உறங்குகிறார்.

ஜேனுடையது என்று சொல்லப்படும் ஒரு நிழல் படமும் உண்டு. 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' இரண்டாம் பதிப்பின் பிரதி ஒன்றில் ஒட்டிக் கிடந்தது. வெள்ளைத் தாளில் வெட்டியெடுத்த வகை. பிரெஞ்சு மொழியில் 'அன்பான ஜேன்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. லண்டன் தேசிய உருவப்பட மாளிகையில் வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்த ஜேன்? குடும்பப் பெயரையும் சேர்த்து யாராவது இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் இன்று 'என்று சொல்லப்படும்' என்ற வார்த்தையே வேண்டியிருக்காது.

பெயர் எழுதியவர்

பெயர் எழுதுவதன் அருமையை அறிந்த ஒருவர் இருந்தார். அகுஸ்த் எதுவார். பிரெஞ்சுக்காரர், 1814-ல் இங்கிலாந்துக்கு வந்தவர். 1825-ல் மனைவி தவறிப்போனாள். ஒரு நாள் தெரிந்தவர் வீட்டில் கருவியால் எடுத்த நிழல் படங்களைப் பெருமையாகக் காட்டினார்கள். "இதிலே சாயலே இல்லையே" என்றார் இவர். "அப்படியானால் நீங்கள் செய்யுங்களேன் பார்ப்போம்" என்று மடக்கினார்கள். கத்தரிக்கோலை வாங்கி, ஒரு கடித உறையைக் கிழித்து, வீட்டுக்காரரை உட்கார வைத்து நிமிஷத்தில் வெட்டிவிட்டார். மெழுகுவத்தித் திரி வெட்டியிலிருந்த கரியை எடுத்துக் கறுப்புப் பூசினார். சாயல் அச்சாக இருந்தது. துக்கத்தில் இருந்த மனிதருக்கு அன்று தொழில் கிடைத்தது.

எதுவார் முகம் மட்டும் வெட்டவில்லை. தலை முதல் கால் வரை வெட்டினார். கருவி கிடையாது, கண்ணும் கையும்தான். பொன்நிறக் கோடு, வர்ணக் கோட்டு எல்லாம் அவருக்கு ஆகாது. நிழலென்றால் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பார். இங்கிலாந்தில் 'சில்ஹவுட்' என்ற சொல்லைப் பிடிவாதமாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். 1839-ல் அமெரிக்கா போய் ஜனாதிபதிகள், படை அதிகாரிகள், வியாபாரிகள், குழந்தைகள் என்று ஊர் ஊராக வெட்டித் தள்ளினார்.

அவர் செய்த ஒரு காரியத்துக்காக அவரைக் கும்பிட வேண்டும். காகிதத்தை மடித்து, ஒரே வெட்டில் இரண்டு படம். ஒன்று வந்தவருக்கு, மற்றொன்று தம் ஆல்பத்துக்கு. அதன்கீழ் பெயர், ஊர், தேதி எல்லாம் எழுதி வைப்பார். அப்படிச் சேர்ந்தவை ஆயிரமாயிரம்.

1849-ல் ஊர் திரும்பினார். கப்பற்காரர்கள் எத்தனையோ பேரின் உருவத்தை வெட்டியவருக்குக் கடல் என்ன செய்தது பாருங்கள். 'ஒனைடா' என்ற அந்தக் கப்பல் கெர்ன்சி தீவுக் கரையில் மோதி உடைந்தது. கிழவர் உயிர் பிழைத்தார். ஆல்பங்களில் பெரும்பகுதி தண்ணீரோடு போயிற்று. தமக்கு அடைக்கலம் கொடுத்த அந்தத் தீவுக் குடும்பத்திடம் மிஞ்சிய ஆல்பங்களைக் கொடுத்துவிட்டு, கத்தரிக்கோலை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு தொழில் செய்யவேயில்லை. 1861-ல் பிரான்ஸில் காலமானார். அதற்குள் ஃபோட்டோவும் வந்துவிட்டதே! 1839-லேயே பாரிஸில் அறிவித்துவிட்டார்கள்.

ஆனால் அந்தத் தீவுக் குடும்பம் அறுபது வருஷம் ஆல்பங்களைக் காப்பாற்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருமதி நெவில் ஜாக்ஸன் என்ற பெண்மணி நிழல் படங்களைத் தேடித் தேடி ஆராய்ந்து எழுதியபோது, அவை வெளிச்சத்துக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் பெயர், ஊர், தேதி! இன்றும் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் முப்பாட்டனை அதில்தான் கண்டுபிடிக்கின்றன.

மற்றவை? ஏலக் கடைப் பட்டியல்களில் பார்க்கலாம்: 'பெயர் தெரியாத கப்பற்படை அதிகாரி' என்று. தோளை வைத்துப் பதவி சொல்லிவிடுகிறார்கள். மையை வைத்து எழுதியவர் யாரென்று சொல்லிவிடுகிறார்கள். யார் பெற்ற பிள்ளை என்பதுதான் தெரியவில்லை. அவனுக்காக அழுதவளுக்குப் பெயர் எழுதத் தேவையிருக்கவில்லை. அவளுக்குத்தான் தெரியுமே!

நம் வீட்டில்

இதை எழுதும்போது எனக்கே குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. எங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு ஃபோட்டோ. தலைப்பாகை கட்டிய இளைஞர். பக்கத்தில் நாற்காலி, பூந்தொட்டி. பாட்டி அதைப் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். "யார் பாட்டி?" என்று கேட்க எனக்கு நாற்பது வருஷம் நேரம் இருந்தது. கேட்கவில்லை. இப்போது கேட்க ஆளில்லை. பாட்டியின் தம்பி என்கிறார் சித்தப்பா. ரங்கூன் போய்த் திரும்பாத மாமா என்கிறாள் அத்தை. பின்னால் திருப்பிப் பார்த்தால் வெறும் அட்டை.

ஆகையால் சகோதரிகளே, இந்த இதழைக் கீழே வைத்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டிலுள்ள பழைய படங்களை எடுத்து, பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு, பின்பக்கத்தில் பெயர், ஊர், வருஷம் எழுதுங்கள். மிருதுவான பென்ஸிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். பால்பாயின்ட் பேனா வேண்டாம். அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும். வழவழப்பான தாளில் பென்ஸில் பிடிக்காவிட்டால், படத்தை ஒரு காகித உறையில் போட்டு, உறையின் மேல் எழுதுங்கள். செல்ஃபோனில் இருக்கும் படங்களிலும் நல்லதாக நாலைப் பிரின்ட் எடுத்துப் பெயர் எழுதி வையுங்கள்.

யாரிடமாவது பழைய நிழல் படமோ, கண்ணாடியில் எழுதிய படமோ இருந்தால், வெயில் படும் சுவரிலும் ஈரச் சுவரிலும் மாட்டாதீர்கள். கண்ணாடிக்கு உள்பக்கம் ஈரத்துணி கூடவே கூடாது. துடைத்த துணியோடு படமும் வந்துவிடும்! சட்டத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் பழைய காகிதத்தை அழுக்கு என்று கிழித்துவிடாதீர்கள். கடைக்காரரின் விலாசச் சீட்டு அங்கேதான் இருக்கும். படத்துக்கு ஜாதகமே அதுதான்.

லீவு நாளில் குழந்தைகளோடு நீங்களே ஒன்று செய்து பாருங்கள். சுவரில் வெள்ளைச் சார்ட் பேப்பரை ஒட்டுங்கள். குழந்தையைச் சுவரையொட்டிப் பக்கவாட்டில் ஸ்டூலில் உட்கார வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்ஃபோன் டார்ச்சை முகத்தின் உயரத்தில் ஆறேழு அடி தள்ளி வையுங்கள். ஆள் சுவருக்குக் கிட்டேயும் விளக்கு எட்டியும் இருந்தால் ஓரம் கூர்மையாக விழும். குழந்தையைச் சிரிக்க வைக்காதீர்கள். மூச்சுப் பிடித்து ஒரு நிமிஷம் உட்காரட்டும். பென்ஸிலால் நெற்றியில் ஆரம்பித்து ஒரே ஓட்டமாக மோவாய் வரை வாருங்கள். கண் இமை மயிர் ஒன்றிரண்டையும் விடாதீர்கள். அதில்தான் உயிர் இருக்கிறது. சின்னதாக்க வேண்டுமா? பெரிய படத்தின்மேல் அங்குலக் கட்டம் போட்டு, வேறொரு தாளில் கால் அங்குலக் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரையுங்கள். புள்ளி வைத்துக் கோலம் போட்ட கைக்கு இது எம்மாத்திரம்? பிறகு கறுப்பு இங்க்கால் நிரப்பி, பின்னால் பெயரும் தேதியும் எழுதிச் சட்டம் போட்டுவிடுங்கள்.

எதிர் வீட்டு அம்மாளுக்கு இதைச் சொன்னேன். "அவன் அடுத்த மாசம் லீவுல வர்றான். வந்ததும் வராததுமா சுவரோரம் உட்கார வெச்சிடறேன் பாருங்க" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஏங்க, அன்னைக்கு உங்க பேரன் நிழல் விழுந்துதே, அந்த இடத்துலயே வரைஞ்சுக்கலாமா?" என்றார்.

தாராளமாக என்றேன். விளக்கைத் துடைத்து எண்ணெய் ஊற்றித் தயாராக வைத்திருக்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.